தேய்மானத்துக்கு ஒரு முகவரி

அமெரிக்கப் புறநகர்களில் கார் நிறுத்தும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், சில வீடுகளில் சுவரோரமாக ஒரு கனத்த மர மேசை கிடக்கும். அதன் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பிரஸ். கைப்பிடியைக் கீழே இழுத்து மேலே விட, இழுப்புக்கு ஒன்றாகத் தோட்டாக்கள் உருண்டு டப்பாவில் விழும். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் சுட்டுத் தீர்த்த உறைகளைப் பொறுக்கி எடுத்து வந்து, வாரநாள் இரவுகளில் மறுபடி நிரப்புகிறார் வீட்டுக்காரர். அங்கே இது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் வேண்டாம். விற்பதற்கென்றால் மத்திய அரசின் உரிமம் வேண்டும். நம் நாட்டில் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

இந்தக் கட்டுரை துப்பாக்கியைப் பற்றியது அல்ல, அந்த மேசையில் நிற்கும் பிரஸ்ஸைப் பற்றியது. மூன்று வருடத்துக்கு ஒரு கைப்பேசி, பத்து வருடத்துக்கு ஒரு கார் என்று மாற்றிக்கொண்டிருக்கும் அதே மனிதர், முப்பது வருடத்துக்கு முன் வாங்கிய பிரஸ்ஸை இன்னும் வைத்திருப்பார். அப்பா வைத்துவிட்டுப் போனதை மகன் இழுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஓர் எந்திரம் எப்படி இவ்வளவு காலம் உழைக்கிறது? நல்ல இரும்பு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் பாதி உண்மைதான் அதில் இருக்கிறது.

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளை உறை, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு மருந்து எரிந்துபோகிறது, குண்டு பறந்துபோகிறது, பிரைமர் செத்துப்போகிறது. உறை மட்டும் கையில் மிஞ்சுகிறது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த அந்தப் பித்தளை, வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்திருக்கும். அதை டை என்ற அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கி, செத்த பிரைமரைத் தள்ளி, புதியதைப் பதித்து, மருந்து ஊற்றி, குண்டைச் செருகினால் மறுபடியும் தோட்டா. ஓர் உறையை இப்படிப் பல தடவை பயன்படுத்தலாம். பித்தளைப் பாத்திரத்தைத் தட்டத் தட்டக் கடினமாகும் என்பது கன்னார் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். உறையும் அப்படித்தான் இறுகி, ஒரு நாள் கழுத்தில் வெடிப்பு விட்டு ஓய்வு பெறும்.

அன்று இதற்கெல்லாம் பிரஸ்ஸே கிடையாது. கையில் பிடிக்கும் குறடு மாதிரி ஒரு கருவிதான். 1884இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் ஐடியல் என்ற கம்பெனியைத் தொடங்கி, இந்தக் குறடுகளைச் செய்து விற்றார். வேட்டைக்காரர்கள் சேணப்பையில் போட்டு எடுத்துப் போனார்கள். 1925இல் ஐடியல், லைமன் கம்பெனியின் கைக்கு வந்தது. குறட்டில் தேய்வதற்கு என்ன இருக்கிறது? ஒரு கீல், இரண்டு கைப்பிடி. அது தேய்வதற்குள் வைத்திருப்பவர் கிழவராகிவிடுவார். அது நீடித்ததற்குக் காரணம், அது செய்த வேலை குறைவு.

பிறகு மேசைப் பிரஸ் வந்தது. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹண்டிங்டன் 1943இல் தொடங்கிய கம்பெனி ஆர்சிபிஎஸ். அந்த எழுத்துகளின் விரிவு ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’. மலையில் திரியும் ராக் சக் என்ற பிராணியை வேட்டையாட, சுட்டுப்போட்ட 22 ரக உறைகளையே மேலுறையாக்கிக் குண்டு செய்யும் டையிலிருந்து பிறந்த பெயர். வீணாய்க் கிடந்த உறையில் தொடங்கிய கம்பெனி, பின்னால் ‘ராக் சக்கர்’ என்ற வார்ப்பிரும்புப் பிரஸ்ஸால் புகழ்பெற்றது. ஒரு நேரத்தில் ஒரே வேலை: நூறு உறைகளையும் முதலில் சுருக்க வேண்டும், பிறகு டையை மாற்றி அடுத்த வேலை. பொறுமைசாலிக்கு ஏற்றது. மணிக்கு ஐம்பது, மிஞ்சினால் நூறு தோட்டா. அந்தப் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு, பேரன் காலத்திலும் மேசையை விட்டு நகராது.

மணிக்கு ஐம்பது என்பது துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களுக்கும் போலீஸ் பயிற்சித் தளங்களுக்கும் போதவில்லை. அங்கேதான் ‘புரோகிரசிவ்’ வகை நுழைகிறது. இதில் உறைகள் ஒரு வட்டத் தட்டில் அமர்ந்து சுற்றும். தட்டின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வேலை நடக்கும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் எல்லா இடத்திலும் எல்லா வேலையும் ஒரே சமயத்தில் முடிந்து, கடைசி இடத்திலிருந்து ஒரு முழுத் தோட்டா வெளியே வரும். சான் டியேகோவில் ஸ்டார் என்ற கம்பெனி 1930களிலிருந்தே இப்படி ஒன்றைச் செய்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கான எந்திரம் அது. கடிகாரம் மாதிரித் துல்லியம், அதற்கேற்ற விலை.

ஸ்டாரின் பலமே அதன் பலவீனமும். பாகத்துக்குப் பாகம் பொருத்தம் பார்த்துக் கட்டிய எந்திரத்தில், ஒரு பாகம் போனால் அதே கைத்திறன் உள்ளவர்தான் மாற்ற வேண்டும். செய்தவர் கடையை மூடினால், வைத்திருப்பவர் ஊர் லேத்துப் பட்டறையைத் தேட வேண்டியதுதான். ஸ்டார் உற்பத்தி பின்னர் நின்றுபோனது. இன்று அது சேகரிப்பாளர்களின் அலமாரியிலும், அதைக் கட்டிக் காப்பாற்றத் தெரிந்த சிலர் மேசையிலும் இருக்கிறது. இரும்பு குறை வைக்கவில்லை. பாகம் கேட்டு எழுத முகவரிதான் இல்லாமல் போனது.

இந்த இடத்தில் மைக் டில்லன் வருகிறார். டிடபிள்யூஏ விமானக் கம்பெனியில் பைலட்டாக இருந்தவர். ஸ்டாரில் கைத்துப்பாக்கித் தோட்டா மட்டுமே நிரப்ப முடிந்தது; இவருக்கு 223 ரகத் துப்பாக்கித் தோட்டா வேண்டும். அதற்கான மாற்றுப் பாகங்களைச் செய்து விற்கத் தொடங்கியவர், 1970களின் பிற்பகுதியில் சொந்தமாகவே எந்திரம் கட்டினார். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் டில்லன் பிரிசிஷன் வளர்ந்தது. 1980களின் நடுவில் வந்த ‘550’ என்ற நீல எந்திரம் இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது.

550இன் அமைப்பை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். வேலை நடக்கும் நிலையங்கள் நான்கு. அலுமினிய வார்ப்பில் சட்டம். தட்டைச் சுற்றும் வேலையை எந்திரம் செய்யாது; ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு நாமே விரலால் தள்ள வேண்டும். சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்று தோன்றும். ஆனால் தானாகச் சுற்றவைக்கும் நெம்பு, பல், ஸ்பிரிங் என்று தேயக்கூடிய பாகங்கள் எல்லாம் அங்கே இல்லை. இல்லாத பாகம் உடையாது. அதற்கு ஒரு விலையும் உண்டு: தட்டைத் தள்ள மறந்து இன்னொரு தடவை இழுத்தால் ஒரே உறையில் இரண்டு மடங்கு மருந்து விழும். அது துப்பாக்கியை வெடிக்கவைக்கக்கூடிய தவறு. எந்திரத்தின் எளிமை, மனிதனின் கவனத்தைக் கடனாக வாங்குகிறது.

இனி வாக்குறுதிக்கு வருவோம். டில்லன் தன் வீட்டு உபயோக எந்திரங்களுக்கு ஆயுள்கால உத்தரவாதம் கொடுத்தார். அதற்கு அவர் வைத்த பெயரே ‘சால்ஜாப்பு இல்லாத உத்தரவாதம்’ என்ற பொருளில், கொஞ்சம் கொச்சையாக இருக்கும். பாகம் உடைந்தாலும் சரி, தேய்ந்தாலும் சரி, ஒரு போன் போட்டால் தபாலில் இலவசமாக வரும். ரசீது கேட்பதில்லை. முதலில் வாங்கியவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பழைய சாமான் சந்தையில் மூன்றாவது கையாக வாங்கியவருக்கும் அதே மரியாதை.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் பார்த்தால் கணக்கு புரியாது. ஆயுள் முழுக்க இலவசமாகப் பாகம் அனுப்புவேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதன் பிறகு உடையும் ஒவ்வொரு பாகமும் அவர் செலவு. எந்தப் பாகம் அடிக்கடி போகிறது என்று போனிலேயே தெரிந்துவிடும். அடுத்த வார்ப்பிலேயே அதைத் திருத்தாவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். புகார்ப் புத்தகமே வடிவமைப்புப் புத்தகம் ஆகிவிடுகிறது. அவர் பெரும்பாலும் கேட்லாக் மூலம் நேரடியாக விற்றதால், புகாருக்கும் பட்டறைக்கும் நடுவே கடைக்காரரும் குறைவு. இன்னொன்று, பிரஸ் உயிரோடு இருக்கும்வரை வாங்கியவர் புதிய ரகத் தோட்டாவுக்கான தட்டு, டை, டைகளைத் தாங்கும் தலை என்று கேட்லாக்கிலிருந்து வாங்கிக்கொண்டே இருப்பார். சில காசு பெறாத ஒரு பின்னை இலவசமாக அனுப்பி, முப்பது வருட வாடிக்கையாளரைத் தக்கவைப்பது நல்ல வியாபாரம். போட்டியாளர்களும் சும்மா இருக்கவில்லை. பச்சை நிற ஆர்சிபிஎஸ்ஸும், நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டிலிருந்து வரும் சிவப்பு நிற ஹார்னடியும் ஆயுள்கால உத்தரவாதம் தருகின்றன.

எதிர்த் திசையில் நின்றவர் ஒருவர் உண்டு. விஸ்கான்சினின் ஹார்ட்ஃபோர்டில் இயங்கும் லீ கம்பெனியை நிறுவிய ரிச்சர்ட் லீ. 1958இல் அவர் கொண்டுவந்த ‘லீ லோடர்’, சுத்தியலால் தட்டித் தோட்டா நிரப்பும் சின்னக் கருவி. ஏழை வேட்டைக்காரனும் வாங்க முடிந்தது. பின்னால் அவர் செய்த புரோகிரசிவ் பிரஸ்களும் டில்லனின் நீலத்தோடு ஒப்பிட்டால் விலையில் மிகவும் குறைவு. உத்தரவாதம் இரண்டு வருடம். அதற்குப் பிறகு, இன்னும் தயாரிப்பில் உள்ள கருவி என்றால், எவ்வளவு பழையதானாலும் இன்றைய விலையில் பாதியைக் கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பினால் புதிது போலச் செய்து, புதிய உத்தரவாதத்தோடு திருப்பி அனுப்புவார்கள். ஒருவர் பழுதுச் செலவை முன்கூட்டியே விலையில் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர் பழுது வரும்போது கேட்கிறார். மாதம் நூறு தோட்டா சுடுகிறவருக்கு லீ லாபம், வாரம் ஐந்நூறு சுடுகிறவருக்கு டில்லன் லாபம் என்பது என் கணக்கு.

சரி, இந்த எந்திரங்களில் எதுதான் தேய்கிறது? சட்டம் உடைவது அபூர்வம். வில்லன் பெரும்பாலும் பிரைமர் பக்கம்தான். செத்த பிரைமரை வெளியே தள்ளும்போது உதிரும் கரி, அரத்தூள் மாதிரி உராய்வது. அது கிரீஸில் கலந்து தண்டுக்கும் துளைக்கும் நடுவே புகுந்தால், நாளடைவில் ஆட்டம் கண்டுவிடும். புதிய பிரைமர்கள் வரிசையாக இறங்கி வரும் குழாயின் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை இருக்கும். அது போனால் பிரைமர் இறங்காது, முழு எந்திரமும் நின்றுவிடும். ஸ்பிரிங் தளரும். 550இல் உறைகளைத் தட்டில் பிடித்துவைக்கும் சிறு பித்தளைப் பின்கள் தேய்வதைவிடத் தொலைவதே அதிகம். கழற்றும்போது கை நழுவித் துள்ளி, மேசைக்கடியில் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். இதில் எதுவும் பெரிய பாகம் இல்லை. எல்லாம் தபால் உறைக்குள் அடங்குபவை. ஆயுள்கால உத்தரவாதம் சாத்தியமானதற்கு இதுவும் ஒரு காரணம்: பெரிய பாகங்கள் தேயாமலும், தேயும் பாகங்கள் சிறியவையாகவும் எந்திரம் அமைந்துவிட்டது.

இன்று நிலைமை என்ன? முதல் மாற்றம் வேகம். தானாகச் சுற்றும் ஐந்து நிலையம் கொண்ட டில்லனின் ‘650’, 1990களிலிருந்து பலரின் விருப்பமாக இருந்தது. உறைகளையும் எந்திரமே மேலிருந்து ஊட்டும். ஆனால் அதன் பிரைமர் தட்டு, உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் இழுப்புக்கும் சுற்றிவிடும்; பயன்படாத பிரைமர் வழுக்கிக்கொண்டு வெளியே போகும். 2019இல் 650ஐ நிறுத்திவிட்டு ‘750’ஐக் கொண்டுவந்தபோது, பிரைமர் பகுதியை 550இன் பழைய முறைக்கே திருப்பினார்கள். முப்பது வருடப் பாதையில் போய், நம்பகத்தை நாடி ஓர் அடி பின்னால் வைத்தார்கள். முன்னேற்றம் சில சமயம் அப்படித்தான் வருகிறது.

இரண்டாவது மாற்றம் மோட்டார். கைப்பிடியை இழுக்க ஆள் வேண்டாம். மார்க் 7 போன்ற பெயர்களில் வரும் இயக்கிகளை எட்டு நிலையப் பிரஸ்ஸின் பக்கவாட்டில் மாட்டினால் அதுவே இழுத்துக்கொள்ளும். மருந்து விழுந்ததா, பிரைமர் இருக்கிறதா என்று சென்சார்கள் கண்காணிக்கும். தவறு கண்டால் எந்திரம் நின்று திரையில் எச்சரிக்கும். கவனம் தவறும் மனிதனுக்கு இது நல்ல துணை.

ஆனால் வாக்குறுதியின் எல்லை இங்கேதான் தெரிகிறது. டில்லனின் எட்டு நிலைய எந்திரம், அன்றைய 1050 ஆனாலும் இன்றைய 1100 ஆனாலும், வணிக ரகம். அதற்கு உத்தரவாதம் ஒரு வருடம்தான். மின்சார, மின்னணுப் பாகங்களுக்கும் ஒரே வருடம். காரணம் தெளிவு. மனிதன் கையால் இழுக்கும்போது தேய்மானத்துக்கு இயற்கையான வரம்பு இருக்கிறது: தோள் வலிக்கும், மருந்து வாங்கக் காசு தீரும், மனைவி சாப்பிடக் கூப்பிடுவார். மோட்டாருக்கு இந்த மூன்றும் இல்லை. ஒரு மனிதரின் ஆயுள்கால இழுப்பை அது சில மாதங்களில் இழுத்துவிடும். மேலும், பித்தளைப் பின்னை எந்த லேத்திலும் கடைந்துவிடலாம்; பதினைந்து வருடத்துக்கு முந்தைய சர்க்யூட் போர்டைக் கடைந்தெடுக்க முடியாது. அன்றைய பிரஸ்ஸின் ஆயுளைச் சட்டம் தீர்மானித்தது. மோட்டார் பூட்டியதன் ஆயுளைச் சிப் தீர்மானிக்கப் போகிறது.

மூன்றாவது மாற்றம் முதலாளி. ஃபிரெட் ஹண்டிங்டனின் ஆர்சிபிஎஸ் 1976இல் ஓமார்க் கைக்குப் போனது. பிறகு பிளவுண்ட், ஏடிகே, விஸ்டா அவுட்டோர் என்று மாறி, 2024இல் வெடிமருந்துக் கம்பெனியான ஹாட்ஜ்டனிடம் வந்திருக்கிறது. மைக் டில்லன் 2016இல் காலமானார். ஒருவர் கொடுத்த வாக்கை இன்னொருவர் காப்பாற்ற வேண்டிய நிலை. ‘ஆயுள்கால உத்தரவாதம்’ என்றால் யாருடைய ஆயுள் என்ற கேள்வி இங்கே எழுகிறது. வாங்கியவருடையதா, எந்திரத்துடையதா, கம்பெனியுடையதா? அட்டைப்பெட்டியில் அதற்குப் பதில் அச்சிடுவதில்லை. அன்று முதலாளியின் முகத்துக்காகக் காப்பாற்றப்பட்ட வாக்கு, இன்று கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வருடமும் ஒப்புக்கொண்டால்தான் நிற்கும்.

சேவையின் சுபாவமும் மாறிவிட்டது. அன்று இலவச எண்ணுக்குப் போன் செய்தால் மறுமுனையில் அதே எந்திரத்தை மேசையில் வைத்துக்கொண்டு ஒருவர் பேசுவார். “கைப்பிடியை மெதுவா இழுங்க... எங்க இடிக்குது?” என்று கேட்டே நோயைக் கண்டுபிடிப்பார். இன்று படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறோம். அல்லது அதற்கும் முன்பே வீடியோ ஒன்றைப் பார்த்து நாமே கழற்றிவிடுகிறோம். சின்னத் தட்டு, கைப்பிடி உருளை போன்ற துணைச் சாமான்களை வீட்டு முப்பரிமாண அச்சு எந்திரத்திலேயே செய்துகொள்கிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

2020, 2021 கொள்ளைநோய்க் காலம் எல்லாருக்கும் ஒரு சோதனை. தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்ததும் புதிதாக நிரப்பக் கிளம்பியவர்கள் பிரஸ்களை வாரிக்கொண்டு போனார்கள். புதிய எந்திரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே சமயம் பிரைமர் கடையில் இல்லை. நாற்பது வருடமாகத் தேயாத எந்திரங்கள், விரல் நுனியளவுகூட இல்லாத ஒரு செம்பு நிற மூடிக்காக மேசையில் சும்மா நின்றன. எந்திரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள சங்கிலி அறுந்தால் அது அலங்காரப் பொருள்தான்.

அப்படியானால் அன்று நன்றாக இருந்ததா, இன்று நன்றாக இருக்கிறதா? கருவியைப் பொறுத்தவரை இன்றுதான். ஒருவர் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் நூறு தோட்டா, அதுவும் சென்சார் சரிபார்த்தது, அன்று கனவில்கூட இல்லை. உறவைப் பொறுத்தவரை 1980களும் 1990களும்தான் பொற்காலம். செய்தவரும் வாங்கியவரும் ஒரே போன் கம்பியின் இரு முனையில் இருந்தார்கள். பாகங்கள் தபால் உறைக்குள் அடங்கின. கம்பெனி நிறுவியவர் உயிரோடு இருந்தார். இந்த மூன்றில் நடுவில் உள்ளது மட்டும், கையால் இழுக்கும் எளிய எந்திரங்களில், இன்றும் அப்படியே இருக்கிறது.

பிரஸ்ஸோ, தையல் எந்திரமோ, எதை வாங்கப் போகிறவரும் எடையையும் மினுக்கத்தையும் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. எது முதலில் தேயும், அது தேய்ந்தால் யாருக்கு எழுத வேண்டும், இருபது வருடம் கழித்தும் அந்த விலாசத்தில் ஆள் இருப்பாரா என்று கேட்டுவிட்டுக் காசை எடுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லும் கடையில், ஒரு காசு கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை.